கடன் கொப்பியை யார் எழுதுவது?

உயர்தரத்தில் வர்த்தகம் படித்த ஆக்களிட்டக் கேட்டுப் பாருங்க. கட்டுப்பாட்டுக் கணக்கு என்றதும் எல்லாருக்கும் ஒரே காட்சிதான் ஞாபகம் வரும். ஆசிரியர் கரும்பலகையில் நடுவால ஒரு கோடு கீறுவார். இடது பக்கம் வரவு, வலது பக்கம் செலவு. மேலே 'கடன்பட்டோர் கட்டுப்பாட்டுக் கணக்கு' என்று தலைப்பு. ஆரம்ப மீதி, கடன் விற்பனை, மறுக்கப்பட்ட காசோலை எல்லாம் இந்தப் பக்கம். வந்த காசு, கொடுத்த கழிவு, உட்திரும்பல், அறவிடமுடியாக் கடன் எல்லாம் அந்தப் பக்கம். "காசு விற்பனையை இதுக்குள்ள போடாதீங்க, ஐயக்கடன் ஏற்பாட்டையும் போடாதீங்க" என்று மூன்று தரம் சொல்லுவார். நாங்களும் பாடமாக்கி, சோதினையில் எழுதி, புள்ளியையும் எடுத்துப்போட்டு மறந்திருப்பம்.

நானும் அப்படித்தான். இந்தக் கணக்கு எதுக்கு என்று எனக்கு விளங்கினது வகுப்பில் இல்லை, அம்மம்மாவின் கடையில்.

கடை இருந்தது படுவான்கரையில். எங்கட ஊர்ப்பக்கம் தெரியாத ஆக்களுக்கு ஒரு சொல்: மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே, கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கிற நிலம் எழுவான்கரை. வாவிக்கு மேற்கே வயலும் குளமுமாக விரிந்து கிடக்கிறது படுவான்கரை. சூரியன் எழும் கரை, சூரியன் படும் கரை. அந்தக் காலத்தில் அம்மம்மா சாமான் எடுக்க வேணுமென்றால் பாதையில் ஏறி வாவியைக் கடந்து எழுவான்கரைக்குத்தான் வரவேணும். ரோட்டுப் பாதை இல்லை, ஆக்களையும் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு மிதந்து போற பாதை.

அவவிடம் ஒரு கடன் கொப்பி இருந்தது. வீட்டுக்கு ஒரு பக்கம். அரிசி, மா, சீனி, மண்ணெண்ணெய் என்று எடுக்க எடுக்க எழுதுவா. காசு தந்தால் கழித்து, தந்து முடிந்தால் குறுக்கே ஒரு கோடு. நான் உயர்தரம் படிக்கிற பெருமையில் ஒரு நாள் கேட்டேன்: "மொத்தமா எவ்வளவு காசு வெளியில நிக்கிது அம்மம்மா?"

"எல்லாரும் தந்தா எவ்வளவு வருமோ அவ்வளவுதான் மனே."

சரி, நானே ஒரு கட்டுப்பாட்டுக் கணக்குத் தயாரிச்சுக் காட்டுவம் என்று இருந்தேன். அரை மணித்தியாலத்தில் முட்டிக்கொண்டது. கடன் விற்பனையின் மொத்தத்தை எங்கே இருந்து எடுக்கிறது? அவவிடம் விற்பனை நாளேடு இல்லை. கடனுக்குக் கொடுத்த எல்லாமே நேரே அந்தந்த வீட்டுப் பக்கத்தில் எழுதப்பட்டிருந்தது. அதே கொப்பியில் இருந்து மொத்தத்தைக் கூட்டி, அதே கொப்பியோடு ஒப்பிட்டால் எப்பவும் சரியாகத்தானே வரும்? அது சரிபார்ப்பு இல்லை.

அன்றைக்கு விளங்கியது இதுதான். கட்டுப்பாட்டுக் கணக்கு என்பது ஒரு கணக்கின் பெயர் இல்லை. ஒரே சங்கதியை இரண்டு வழியால் எழுதி, இரண்டையும் ஒன்றோடு ஒன்று மோத விடுகிற ஏற்பாடு. இந்த ஏற்பாட்டின் வரலாற்றையும், எங்கட வாவிக்கரையில் கடன் கணக்கு எழுதப்பட்ட வரலாற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் கணக்கு

ஒரு கடையை எடுத்துக்கொள்வம். கற்பனைக் கடைதான். மாதத் தொடக்கத்தில் கடன்பட்டோரிடம் இருந்து வரவேண்டியது 48,000 ரூபாய். மாதத்தில் கடன் விற்பனை 126,000. வந்த காசு 97,500. திரும்பி வந்த சாமான் 1,500. கொடுத்த கழிவு 500. இனி வராது என்று கைவிட்ட கடன் 2,000. ஒரு விவசாயி தன்ட கடனுக்குப் பதிலாக நெல் தந்து கழித்தது 9,000.

வரவுப் பக்கம் 48,000 உம் 126,000 உம் சேர்ந்து 174,000. செலவுப் பக்கம் கழிகிறது எல்லாம் சேர்ந்து 110,500. மீதி 63,500. கடன்பட்டோர் எல்லாரும் சேர்ந்து கடைக்குத் தரவேண்டியது இவ்வளவு.

இந்த எண்கள் எங்கே இருந்து வந்தன? விற்பனை நாளேடு, காசேடு, திரும்பல் நாளேடு ஆகியவற்றின் மாத மொத்தங்களில் இருந்து. அதே ஏடுகளில் இருந்து ஒவ்வொரு பதிவாக எடுத்து, இன்னொரு ஆள் கடன்பட்டோர் பேரேட்டில் ஒவ்வொருவரின் கணக்கிலும் எழுதியிருப்பார். மாத முடிவில் அந்தத் தனித்தனி மீதிகளைப் பட்டியல் போட்டுக் கூட்டினால் அதுவும் 63,500 வரவேணும்.

வந்தது 61,700 என்று வையுங்க. வித்தியாசம் 1,800. இப்ப தேடல் தொடங்கும். 1,800 ஒன்பதால் மிச்சமில்லாமல் பிரிபடும். அப்படியென்றால் இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம், 4,200 ஐ யாரோ 2,400 என்று எழுதியிருக்கலாம். இல்லையென்றால் பாதியைப் பாருங்க: 900 ரூபாய் விற்பனை ஒன்றை வரவில் போடாமல் செலவில் போட்டிருந்தாலும் இதே 1,800 குறையும். 200 கணக்கில் எந்தக் கணக்கு என்று தெரியாமல் முழிக்கிற இடத்தில், இந்த ஒரு வித்தியாசம் தேடவேண்டிய திசையைக் காட்டுது.

கடன்கொடுத்தோர் கட்டுப்பாட்டுக் கணக்கு இதைத் திருப்பிப் போட்டது. கடை மொத்த வியாபாரிகளுக்குக் கொடுக்கவேண்டிய ஆரம்ப மீதியும் கடன் கொள்வனவும் செலவுப் பக்கம். கொடுத்த காசு, பெற்ற கழிவு, வெளித்திரும்பல் எல்லாம் வரவுப் பக்கம். இப்பத்தைய புத்தகங்களில் வருமதி, சென்மதி என்று பெயர் மாறியிருந்தாலும் உள்ளே நடக்கிற வேலை அதேதான்.

இனி முக்கியமான விசயம். இந்தக் கணக்கால் எதைப் பிடிக்க முடியாது?

அம்மம்மாவின் கொப்பியில் ரெண்டு தங்கம்மா இருந்தாங்க. கோயிலடித் தங்கம்மா, துறையடித் தங்கம்மா. கோயிலடித் தங்கம்மா எடுத்த சாமானைத் துறையடித் தங்கம்மாவின் பக்கத்தில் எழுதினால் என்ன நடக்கும்? மொத்தம் மாறாது. கட்டுப்பாட்டுக் கணக்கு அச்சொட்டாகச் சரிவரும். ஆனால் ஒரு மனிசி தான் தின்னாத அரிசிக்குக் காசு கட்டுவா. அதே மாதிரி, விற்பனை நாளேட்டிலேயே ஒரு தொகையைக் கூட்டி எழுதினால், தனிக் கணக்கும் கூடும், மொத்தமும் கூடும், ரெண்டும் ஒத்துப்போகும். பிழையும் தங்கும்.

அதாவது இந்தக் கணக்குக் காப்பாற்றுவது கடைக்காரரின் மொத்தத்தை. கடன்பட்ட ஆளை அது காப்பாற்றாது. ஏன் இப்படி என்று தெரிய, இது எங்கே இருந்து வந்தது என்று பார்க்க வேணும்.

முதலாளியின் சந்தேகம்

1494 இல் வெனிஸ் நகரத்தில் லூக்கா பசியோலி என்ற துறவியின் கணித நூல் அச்சானது. வெனிஸ் வியாபாரிகள் ஏற்கெனவே பாவித்த இரட்டைப் பதிவு முறையை அவர் அதில் விளக்கினார். குறிப்பேடு, நாளேடு, பேரேடு என்று மூன்று ஏடு. பேரேடு ஒன்றே ஒன்று. ஒரு வியாபாரியின் கடன்பட்டோர், கடன்கொடுத்தோர், சொத்து, இலாபம் எல்லாம் அந்த ஒன்றுக்குள் அடங்கியது.

19 ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் அது அடங்கவில்லை. ஆலைகளும் மொத்த வியாபாரங்களும் பெருத்து, ஒரு கம்பனிக்கு ஆயிரம் வாடிக்கையாளர் என்று ஆனபோது பேரேட்டை உடைக்க வேண்டி வந்தது. விற்பனைப் பேரேடு ஒரு எழுதுவினைஞரிடம், கொள்வனவுப் பேரேடு இன்னொருவரிடம். இலாபமும் மூலதனமும் எழுதுகிற பேரேட்டை முதலாளி தன்னிடமே பூட்டி வைத்துக்கொண்டார். இப்படிப் பிரித்த பிறகு, கீழே எழுதுகிறவர் பிழை விட்டாரா, களவு எடுத்தாரா என்று மேலே இருக்கிறவருக்கு எப்படித் தெரியும்? அதுக்குத்தான் மொத்தக் கணக்கு. கட்டுப்பாடு என்ற சொல் அங்கே இருந்துதான் வருகிறது. முதலாளி தன் வேலையாளைக் கட்டுப்படுத்துகிற கணக்கு.

எங்களுக்குக் கிட்டவும் இதே மாதிரி ஒன்று நடந்தது. தமிழ்நாட்டில் இருப்புநிலைக் குறிப்பு என்று படிக்கிறதை நாங்கள் ஐந்தொகை என்று படித்தோம். அது நகரத்தார் வட்டிக்கடைகளில் புழங்கிய சொல். கொழும்புச் செட்டியார் தெருவில் கடை வைத்திருந்த நகரத்தார், செட்டிநாட்டில் இருந்து முகவர்களை அனுப்பினார்கள். பெரும்பாலும் மூன்று வருசத் தவணை. முகவர் எழுதின கணக்கு ஊருக்குப் போகும், ஊரில் இருக்கிற முதலாளி அதைப் பார்ப்பார். மிகவும் நுட்பமான முறை. அதிலும் கணக்குக் கேட்கப்படுவது முகவரிடம்தான். கடன் வாங்கினவரிடம் "நீங்க எழுதி வச்சது என்ன?" என்று யாரும் கேட்கவில்லை.

கடன்பட்ட ஆளைக் கேட்க வேணும் என்று கணக்காளர் உலகத்துக்கு உறைத்தது ஒரு பெரிய மோசடிக்குப் பிறகு. 1938 இல் அமெரிக்காவில் மக்கெசன் அன்ட் ரொபின்ஸ் என்ற மருந்துக் கம்பனி அம்பிட்டது. அதன் தலைவர் பெயரை மாற்றி வாழ்ந்த ஒரு பழைய மோசடிக்காரர். கம்பனியின் ஐந்தொகையில் சுமார் 87 மில்லியன் டொலர் சொத்து காட்டியிருந்தது. அதில் 19 மில்லியனளவு இல்லாத சொத்து: இல்லாத களஞ்சியத்தில் இல்லாத சரக்கு, இல்லாத வாடிக்கையாளரிடம் வரவேண்டிய கடன். ஏடுகள் எல்லாம் அழகாக ஒத்துப்போயின. கணக்காய்வாளர்கள் தாள்களைப் பார்த்தார்கள், கடன்பட்டவர்களுக்கு எழுதிக் கேட்கவில்லை. அடுத்த வருசமே அங்கே முறை மாறியது. சரக்கைக் கண்ணால் பார், கடன்பட்டவருக்கு நேரே கடிதம் எழுதி மீதியை உறுதிப்படுத்து. இன்றைக்கும் கணக்காய்வில் அது ஒரு அடிப்படை வேலை.

ஆக, கடன் கணக்குக்கு மூன்று கை வேணும். தனிக் கணக்கு எழுதுகிற கை, மொத்தம் எழுதுகிற கை, கடன்பட்டவரின் சொந்தக் கை. இந்த மூன்றாவது கையை மனதில் வைத்துக்கொண்டு இனி வாவிக்கரைக்கு வருவம்.

களத்திலும் தோணியிலும்

மட்டக்களப்பு வயல் நிலத்தின் வரலாறு போடியார்களின் வரலாறு. காணி போடியாருடையது. வேலையை நடத்துகிறவர் முல்லைக்காரர். விதை நெல்லும், அறுவடை வரைக்கும் சாப்பாட்டு நெல்லும் முன்கூட்டியே கடனாக வரும். சூடு மிதித்து நெல் குவிந்ததும் களத்திலேயே அது வட்டியோடு கழியும். மிச்சம்தான் வீட்டுக்கு.

இதைக் கணக்குப் பாசையில் சொன்னால் எதிரீடு. ஒரே ஆள் கடன்பட்டவராகவும் இருக்கிறார், நெல் தருகிறபடியால் கடன்கொடுத்தவராகவும் இருக்கிறார். ரெண்டையும் நேருக்கு நேர் கழிக்கிறம். மேலே எங்கட கற்பனைக் கடையில் 9,000 ரூபாய்க்கு நெல் தந்து கழித்தாரே, அந்தப் பதிவு கடன்கொடுத்தோர் கட்டுப்பாட்டுக் கணக்கில் வரவு, கடன்பட்டோர் கட்டுப்பாட்டுக் கணக்கில் செலவு. ரெண்டு பக்கமும் ஒரே தொகை. சோதினையில் இது லேசான ஒரு புள்ளி.

வாழ்க்கையில் லேசில்லை. அந்த 9,000 என்ற எண்ணை யார் போட்டது? மழைக்காலத்தில் நெல் அருமையாக இருக்கும்போது எடுத்த கடனுக்கு ஒரு விலை. தை, மாசியில் எல்லாக் களத்திலும் நெல் குவிந்து விலை விழுந்து கிடக்கும்போது திருப்பிக் கொடுக்கிற நெல்லுக்கு இன்னொரு விலை. ரெண்டு விலையையும் ஒரே ஆள் தீர்மானித்தால், எதிரீடு கணக்கில் சரியாக இருக்கும், குடும்பத்துக்கு நட்டமாக இருக்கும்.

வாவியில் மீன் பிடிக்கிறவருக்கும் இதே கதை. வலைக்கும் தோணிக்கும் முதலாளி முற்பணம் தருவார். பிடிக்கிற மீனையும் இறாலையும் அவருக்கே கொடுக்க வேணும். நிறுக்கிறது அவருடைய தராசு, விலை அவருடையது, கழிக்கிற கொப்பியும் அவருடையது. எல்லா முதலாளியும் ஏமாற்றினார் என்று நான் சொல்ல வரவில்லை. கலியாணத்துக்கும் செத்தவீட்டுக்கும் ஓடிப் போய் நிற்கிற இடமும் அவரிட்டத்தான். எத்தனையோ குடும்பங்களை அந்தக் கடன்தான் தூக்கி நிறுத்தியது. ஆனால் அவர் நேர்மையானவரா இல்லையா என்று அறிய கடன்பட்டவரிடம் எந்த வழியும் இருக்கவில்லை. ஏடு ஒன்று, கை ஒன்று.

ஏன் வங்கிக்குப் போகவில்லை என்று கேட்கலாம். வெள்ளைக்காரர் காலத்து வங்கிகள் தோட்டத்துக்கும் ஏற்றுமதிக்கும் கடன் கொடுக்க வந்தவை. உள்ளூர் ஆக்களுக்கு வங்கிக் கடன் கிடைக்காத நிலையை ஆராய 1934 இல் பொச்கானாவாலா தலைமையில் ஒரு ஆணைக்குழு இருந்தது. அதன் விளைவாகத்தான் 1939 இல் இலங்கை வங்கி வந்தது. படுவான்கரையில் ஒரு முல்லைக்காரரின் கைக்கு அது எட்ட இன்னும் எவ்வளவோ காலம் இருந்தது.

சங்கக்கடை

மூன்றாவது கையைக் கொண்டுவர ஒரு முயற்சி நடந்தது. அதுதான் கூட்டுறவு.

மூலம் ஜேர்மனியில் இருக்கிறது. 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ரைஃபைசன் என்றவர் கிராமத்து விவசாயிகளை வட்டிக்காரரிடம் இருந்து காப்பாற்றக் கடன் சங்கங்களை உண்டாக்கினார். அங்கத்தவர் எல்லாரும் எல்லாருடைய கடனுக்கும் பொறுப்பு. சென்னை மாகாண அதிகாரி பிரெடெரிக் நிக்கல்சன் 1890 களில் இந்த முறையை ஆராய்ந்து அறிக்கை எழுதினார். 1904 இல் இந்தியாவில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. இலங்கையில் 1911 இல் வந்தது.

மட்டக்களப்பில் எங்கட மூத்த தலைமுறைக்குக் கூட்டுறவு என்றால் ஞாபகம் வருவது சங்கக்கடையும் கூப்பனும். அதுக்குக் காரணம் யுத்தம். 1942 மார்ச்சில் ரங்கூன் யப்பானிடம் விழுந்தது. இலங்கை தின்ற அரிசியில் பெரும்பங்கு பர்மாவில் இருந்து வந்தது. அது நின்றது. ஏப்ரல் 9 ஆம் திகதி ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை யப்பானிய விமானங்கள் மட்டக்களப்புக்கு நேரே கடலில் தாட்டன. இப்ப வெளிநாட்டுச் சுழியோடிகள் பார்க்க வருகிற கப்பல் அதுதான். அரிசி பங்கீட்டுக்கு வந்தது. பங்கிடுவதுக்குக் கூட்டுறவுக் கடைகள் நாடு முழுக்க மூன்று வருசத்துக்குள் ஆயிரக்கணக்கில் முளைத்தன.

இந்தக் கடைகளின் கணக்கு முறையைப் பாருங்க. வீட்டில் கூப்பன் புத்தகம். கடையில் பதிவேடு. வெட்டி எடுத்த கூப்பனைக் காட்டினால்தான் கடைக்கு அடுத்த சரக்கு. எவ்வளவு அரிசி போனது என்று கடை முகாமையாளர் ஒரு பக்கம் சொல்ல, சனத்தின் கையில் இருந்து வந்த கூப்பன் இன்னொரு பக்கம் சொல்லும். கடன் சங்கங்களில் அங்கத்தவருக்குப் பாஸ் புத்தகம். சங்கத்தின் பேரேட்டில் இருப்பதும் அங்கத்தவரின் வீட்டில் இருப்பதும் ஒத்துவர வேணும். சட்டப்படி வருசத்துக்கு ஒரு தரமாவது கணக்காய்வு. அந்தக் கணக்காய்வில் தவணை தப்பின கடன்களையும் பார்க்க வேணும். ஊர் ஆக்கள் கூடின பொதுக்கூட்டத்தில் கணக்கு வாசிக்கப்படும். எழுந்து நின்று கேள்வி கேட்கலாம்.

கடன்பட்டவரின் வீட்டில் ஒரு ஏடு. எங்கட கரையில் இது ஒரு பெரிய மாற்றம். 1958 இல் பிலிப் குணவர்தன கொண்டுவந்த நெற்காணிச் சட்டம் குத்தகை விவசாயியின் உரிமையையும் குத்தகை அளவையும் எழுத்தில் வைத்ததும் இதே திசையில் ஒரு அடிதான்.

முழுவதும் வெற்றி என்று சொல்ல முடியாது. 1948 இல் தொடங்கிய உத்தரவாத விலைத் திட்டத்தில் சங்கம் நெல்லை வாங்கும். வாங்கும்போதே பயிர்க் கடனைக் கழிக்கும். அதே எதிரீடு, ஆனால் இந்த முறை விலை அரசாங்கம் அறிவித்த விலை, எல்லாருக்கும் தெரிந்த விலை. நியாயமான ஏற்பாடுதான். ஆனால் கழிவதைத் தவிர்க்க நெல்லைத் தனியாருக்கு விற்ற ஆக்களும் இருந்தார்கள். கடன் நிலுவை ஏறியது. 1961 இல் உருவான மக்கள் வங்கி ஊடாக 1967 இல் புதிய விவசாயக் கடன் திட்டம் ஒன்று வந்தது. அதிலும் நிலுவை. 1971 இல் சின்னச் சின்னக் கிராமச் சங்கங்களை இணைத்துப் பெரிய பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் ஆக்கினார்கள். சங்கம் பெருத்தது. கணக்கு வாசிக்கிற கூட்டம் ஊரை விட்டுத் தூரம் போனது. மறுகா போர். இடம்பெயர்ந்து போற சனம் எந்தப் பாஸ் புத்தகத்தைக் கட்டிக்கொண்டு போறது?

அட்டை

2004 சுனாமிக்குப் பிறகும், குறிப்பாக 2009 இல் போர் முடிந்த பிறகும், நுண்கடன் எங்கட ஊர்களுக்குள் வந்தது. பெரும்பாலும் பெண்களுக்கு, குழுவாக. ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேணும். கவனிச்சீங்களா? இது ரைஃபைசன் சொன்ன அதே கூட்டுப் பொறுப்பு. ஆனால் அங்கே சங்கமும் ஏடும் அங்கத்தவருடையவை, வட்டியும் சங்கத்துக்கே திரும்பும். இங்கே பொறுப்பு மட்டும் குழுவுக்கு, ஏடு வேறெங்கோ ஒரு நகரத்தில்.

கையில் தருவது ஒரு அட்டை. கிழமைக்குக் கிழமை கட்டின தொகையும் ஒரு கையெழுத்தும் இருக்கும். எவ்வளவு முதலுக்குப் போனது, எவ்வளவு வட்டிக்குப் போனது, தப்பின கிழமைக்கு என்ன போட்டார்கள் என்பது பல அட்டைகளில் இல்லை. ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்பம். 50,000 ரூபாய் கடன், 52 கிழமை, கிழமைக்கு 1,200. மொத்தம் 62,400. "வட்டி வெறும் 12,400, இருபத்தைஞ்சு சதவீதம்கூட இல்லை" என்று சொல்லலாம். ஆனால் முதல் கிழமையில் இருந்தே முதல் குறைந்துகொண்டு போகுது. குறைந்துபோகிற மீதியில் கணக்குப் பார்த்தால் வருசத்துக்கு 45 சதவீதத்தைத் தாண்டும். அட்டையைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

2018 இல் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகளின் சுயாதீன நிபுணர் ஹுவான் பப்லோ பொகொஸ்லாவ்ஸ்கி, சில நுண்கடன்களின் வட்டி வருசத்துக்கு 220 சதவீதம் வரை போவதாகச் சொன்னார். அந்த வருசம்தான் நுண்கடனுக்கு 35 சதவீத வட்டி உச்சவரம்பு வந்தது. வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் நிலுவையில் இருந்த பெண்களின் 100,000 ரூபாய்க்கு உட்பட்ட கடன்களுக்கு அரசாங்கம் நிவாரணமும் அறிவித்தது. மட்டக்களப்பும் அதில் ஒன்று. அதுக்கிடையில் கடன் தாங்காமல் உயிரை மாய்த்துக்கொண்ட பெண்களின் செய்திகளை நாங்கள் எல்லாரும் வாசித்திருந்தோம்.

கணக்குத் தெரிந்திருந்தால் எல்லாரும் தப்பியிருப்பார்கள் என்று சொல்ல மாட்டேன். வருமானம் இல்லாத இடத்தில் கணக்கு சோறு போடாது. ஆனால் எங்கட ஊர்களில் வீட்டுக்கு ஒருவராவது கணக்கீடு படித்திருக்கிறம். அம்மாவின் அட்டையை எடுத்து, கட்டின தொகையை ஒரு கொப்பியில் எழுதி, மீதியைப் போட்டு, பற்றுச்சீட்டுகளோடு ஒப்பிட்டு, "உங்கட கணக்குப்படி எங்கட மீதி எவ்வளவு, எழுத்தில தாங்க" என்று கேட்க எத்தனை பேர் முன்னுக்குப் போயிருக்கிறம்? நான் போகவில்லை. சோதினைக்குப் படித்ததோடு சரி. இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்தக் குற்ற உணர்ச்சியும்தான்.

சூறாவளிக்குப் பிறகு

அம்மம்மா எதையும் சூறாவளியை வைத்துத்தான் சொல்லுவா. சூறாவளிக்கு முதல், சூறாவளிக்குப் பிறகு. 1978 நவம்பர் 23 ஆம் திகதி இரவு அடித்தது. கடைக்கூரை போனது, சாமான் போனது, கடன் கொப்பி தண்ணீரில் ஊறி மை கரைந்து ஒரு எழுத்தும் மிஞ்சவில்லை.

"அப்ப எல்லாக் கடனும் போச்சா?" என்று கேட்டேன்.

"போகல்ல மனே. ஆக்கள் வந்தாங்க. நான் இவ்வளவு தரணும், அதில இவ்வளவு தந்த நான், மிச்சம் இவ்வளவு என்டு அவங்களே சொன்னாங்க. அவங்களுக்குத் தெரியும்தானே."

எல்லாரும் வரவில்லை. வராத ஆக்களில் சிலர் தங்கட வீட்டையே இழந்தவர்கள், அவ கேட்கவும் இல்லை. வந்தவர்களில் ஒருவர் துறையடித் தங்கம்மா. தான் ஒரு மூடை அரிசிக்குக் காசு கட்டினதாகவும், அந்த அரிசியைத் தான் எடுக்கவே இல்லை என்றும், அப்ப சொல்லப் பயமாக இருந்தது என்றும் சொன்னாவாம். அம்மம்மா யோசித்துப் பார்த்தா. அது கோயிலடித் தங்கம்மாவின் அரிசி. கொப்பி இருந்த மட்டும் வெளியில் வராத பிழை, கொப்பி போன பிறகு வந்தது.

அதுக்குப் பிறகு அம்மம்மா கடனுக்குச் சாமான் எடுக்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சின்னக் கொப்பி கொடுத்தா. கடையில் எழுதுகிற அதே கணக்கை அதிலும் எழுதிக் கொடுத்தனுப்புவா. எழுதத் தெரியாத வீட்டில் படிக்கிற பிள்ளையைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுவா. விற்பனை நாளேடு மட்டும் கடைசி வரைக்கும் வைக்கவில்லை. நான் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. "அது எனக்கு மனே. இது அவங்களுக்கு" என்று போட்டா.